கைக்குழந்தை இருக்கும் வீட்டில் கீறும் பூனை

உங்கள் கேள்வியை இரண்டு முறை நிதானமாகப் படித்தேன். கோவையில் இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீடு. இரண்டரை வயதில் மகன், நான்கு மாதத்தில் மகள். திருமணமான புதிதில் நீங்களே எடுத்து வளர்த்து, ஒரு வயதிலேயே கருத்தடை செய்து, இப்போது ஆறு வயதாகும் கடுவன் பூனை ஒன்று. மகள் பிறந்த பிறகு அது குழந்தைத் துணிகளின் மேலும் மெத்தையின் மேலும் சிறுநீர் கழிக்கிறது, விடியற்காலை நான்கு மணிக்குக் கத்துகிறது, மகனை இரண்டு முறை கீறிவிட்டது. உங்கள் கணவர் இதைப் பொறாமை என்கிறார். மாமியார் சாக்கில் போட்டு மார்க்கெட்டில் விட்டுவிடச் சொல்கிறார். பூனையைத் திருத்துவது எப்படி என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், வைத்துக்கொண்டால் பிள்ளைகளுக்குத் துரோகம், கொடுத்துவிட்டால் இந்த ஜீவனுக்குத் துரோகம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பதில் நீளமாகத்தான் இருக்கும். குழந்தை தூங்கும் நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக்கொள்ளுங்கள்.

நான் வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படித்தவன். இருபத்திரண்டு ஆண்டுகளாக நாய்க்கும் பூனைக்கும் மட்டுமே மருத்துவம் பார்த்து வருகிறேன். விலங்குகளின் நடத்தை பற்றித் தனியாகப் பட்டம் எதுவும் பெறவில்லை. எனக்குத் தெரிந்தது பெரும்பாலும் மேசையின் மறுபக்கம் நின்ற குடும்பங்களிடமிருந்து தெரிந்துகொண்டது. உங்கள் பூனையை நான் தொட்டுப் பார்க்கவில்லை என்பதால், கீழே சொல்பவற்றில் நோய் பற்றிய பகுதியை உங்கள் ஊர் மருத்துவர் உறுதி செய்தாக வேண்டும். குழந்தைகளின் உடல்நலம் பற்றி ஒரு கால்நடை மருத்துவன் சொல்லத் தகுந்த அளவுக்கு மட்டுமே சொல்வேன்; அதற்கு மேல் உங்கள் குழந்தை மருத்துவர் சொல்வதே முடிவு.

எல்லாவற்றுக்கும் முன்னால் மகனுடைய கீறல்கள். மஞ்சள் வைத்தோம், ஆறிவிட்டது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ரேபிஸ் நாயால் மட்டும் வருவது என்ற எண்ணம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது; பூனையாலும் வரும். கீறல் பட்டவுடன் ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. இரத்தம் வராத சிறு கீறலானாலும் தடுப்பூசி தேவை. இரத்தம் வந்திருந்தாலோ பல் பதிந்திருந்தாலோ தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற ஆயத்த எதிர்ப்புப் புரத ஊசியும் தேவை. அரசு மருத்துவமனைகளில் இந்தத் தடுப்பூசி தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் இலவசமாகவே போடப்படுகிறது. உங்கள் வீட்டில் முதல் கீறல் நடந்து ஒன்றரை மாதம் ஆகிறது, பூனை இன்றும் நன்றாகச் சாப்பிட்டு நடமாடுகிறது. ரேபிஸ் கிருமி எச்சிலில் வரும் நிலையில் உள்ள பூனை பத்து நாளைக்கு மேல் நலமாக இருக்காது என்பதால், அந்த முதல் கீறலைப் பற்றி நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. இரண்டாவது கீறல் நடந்து ஐந்து நாள்தான் ஆகிறது. பூனைக்குப் போட்ட தடுப்பூசி அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு இன்றே மகனை மருத்துவரிடம் காட்டுங்கள். வெளியே போகாத பூனைதானே என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். அந்த முடிவை மருத்துவர் எடுக்கட்டும்.

பூனைப் பல் ஊசி போல மெல்லியது. மேலே சிறு புள்ளிதான் தெரியும், கிருமி ஆழத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் பூனைக்கடி நாய்க்கடியைவிட அதிகமாகச் சீழ் வைக்கும். கடித்த மறுநாளே கை வீங்கி வந்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன், என் உதவியாளர் உட்பட. கீறலுக்குப் பிறகு ஓரிரு வாரங்களில் குழந்தைக்கு அக்குளிலோ கழுத்திலோ நெறி கட்டிக் காய்ச்சலும் இருந்தால், பூனை கீறியதைக் குழந்தை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பார்டோனெல்லா என்ற கிருமியால் வருவது அது. பூனைகளுக்கிடையே அதைப் பரப்புவது தெள்ளுப்பூச்சி. ஆகவே பூனைக்குத் தெள்ளு இல்லாமல் பார்த்துக்கொள்வது குழந்தைக்கும் பாதுகாப்புத்தான். ஒன்று மட்டும் கவனம்: நாய்க்கென்று விற்கும் தெள்ளு மருந்துகளில் பெர்மெத்ரின் கலந்தவை உண்டு, அது பூனைக்கு நஞ்சு.

இனி சிறுநீர். கடுவன் பூனை கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கிறது என்றால் அதை நடத்தைக் கோளாறு என்று சொல்வதற்கு முன் நோயா என்று பார்த்துவிட வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. பூனை அடிக்கடி குந்தி முக்குகிறது, ஒரு சொட்டு இரண்டு சொட்டுதான் வருகிறது அல்லது ஒன்றுமே வரவில்லை, அடிவயிற்றைத் தொட்டால் கத்துகிறது, குறியை விடாமல் நக்குகிறது என்றால் அது நடுராத்திரியானாலும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நிலை. கடுவனுக்குச் சிறுநீர்த் தாரை மிகக் குறுகலானது. அது அடைத்துக்கொண்டால் இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். அடைப்பு இல்லாமல் எரிச்சலோடு அடிக்கடி போகும் நிலையும் உண்டு. உங்கள் பூனையின் வயதில் உள்ள பூனைகளில் சிறுநீரைச் சோதித்தால் பெரும்பாலும் கிருமியும் இருக்காது, கல்லும் இருக்காது. வீட்டில் ஏற்பட்ட மன அழுத்தமே சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கியிருக்கும். மன அழுத்தம் என்றால் வெறும் மனக்கதை, உடம்பில் ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பூனைகளின் சிறுநீரில் இரத்தம் கலந்து வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். திடீரென்று கோபக்காரனாகிவிட்டது என்று கொண்டுவரப்பட்ட பூனை ஒன்றின் வாயைத் திறந்து பார்த்தபோது கடைவாய்ப் பல் வேர் வரை சொத்தையாக இருந்தது. பல்லைப் பிடுங்கிய பத்தாம் நாள் அது பழையபடி மடியில் ஏறிப் படுத்ததாக அந்த வீட்டம்மா தொலைபேசியில் சொன்னார்.

நோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அடுத்த கேள்வி. பூனை சிறுநீர் விடுவதில் இரண்டு வகை உண்டு. நின்றபடி, வாலை நிமிர்த்தி அதன் நுனி நடுங்க, சுவரிலோ கதவிலோ பின்புறமாகப் பீய்ச்சுவது ஒன்று. அது எல்லை குறிப்பது. கருத்தடை செய்த கடுவன்களிலும் ஏறக்குறைய பத்தில் ஒன்று இதைத் தொடரும். குந்தி உட்கார்ந்து, கிடையான பரப்பில், குளமாகத் தேங்கும்படி விடுவது மற்றொன்று; அது கழிப்பிடத்துக்குப் போவது, அவ்வளவுதான். உங்கள் பூனை துணிக்குவியலிலும் மெத்தையிலும் குளமாக விடுகிறது. அப்படியானால் கேட்க வேண்டியது, அதன் கழிப்பிடம் எங்கே இருக்கிறது என்பது.

இதற்கான பதிலையும் நீங்களே எழுதிவிட்டீர்கள், ஆனால் வேறொன்றைச் சொல்லும்போது. குழந்தை பிறந்ததும் நாற்றம் கூடாது என்று மணல் தட்டைக் கூடத்து மூலையிலிருந்து எடுத்துப் பால்கனியில் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்ததாகவும், கொசுவுக்காகப் பால்கனிக் கதவை மாலை ஆறு மணிக்கே சாத்திவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பூனையின் இடத்தில் இருந்து பாருங்கள். பகலில் அது மணலில் கால் வைத்தால், கைக்குழந்தை உள்ள வீட்டில் நாளுக்கு மூன்று தடவை ஓடும் இயந்திரம் பக்கத்தில் நின்று அதிர்கிறது. இரவில் கதவே திறப்பதில்லை. நான்கு மணிக்கு எழுந்து கதவருகே நின்று கத்துகிறது. இரவெல்லாம் பால் கொடுத்துவிட்டு அப்போதுதான் கண்ணயர்ந்த நீங்கள் எழுந்திருக்க முடியாது, எழுந்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் கூடாது. அடக்கிப் பார்த்துவிட்டு, மணலைப் போலவே மெத்தென்று இருப்பதும் ஈரத்தை இழுத்துக்கொள்வதுமான ஒரே பொருளைத் தேடிப் போகிறது. உங்கள் வீட்டில் அது குழந்தையின் துணிக்குவியல்தான். இது என் ஊகமே. ஆனால் நீங்கள் தந்த விவரங்களை வைத்துப் பார்த்தால் மிகவும் வலுவான ஊகம்.

பொறாமை என்ற சொல்லைப் பற்றிச் சற்று. பூனைக்குப் பொறாமை என்று ஓர் உணர்ச்சி உண்டா என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பழிவாங்குவதற்காகத் திட்டமிட்டுத் துணியில் சிறுநீர் விடுகிறது என்பதற்கு மட்டும் எந்த ஆதாரமும் கிடையாது. நமக்குத் திண்ணமாகத் தெரிந்தவை சிலவே. மனிதக் காதுக்கு எட்டும் ஒலி 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். பூனைக்கு 60,000-க்கும் மேலே கேட்கும், ஆகவே நமக்கே காதைக் கிழிக்கும் பச்சிளம் குழந்தையின் வீறல் அதற்கு எளிதான ஒன்றாக இருக்க முடியாது. வாசனையால் வீட்டை அறியும் பிராணிக்கு, பால், எண்ணெய், சாம்பிராணி, புதுத் துணி என்று ஒரே வாரத்தில் வீட்டின் வாசனையே மாறிவிட்டது. உணவு நேரமும் உறங்கும் இடமும் மாறிவிட்டன. இன்னொன்று, பூனைக்குட்டி மனிதர்களோடு பழகக் கற்றுக்கொள்ளும் பருவம் பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரைதான். அந்த நாள்களில் குழந்தைகளின் கையில் புழங்காத குட்டி, பின்னாளில் குழந்தைகளைக் கண்டு மிரள்வது வழக்கம். மூன்று மாதக் குட்டியாக ஒரு பட்டறையின் ஓரத்தில் கண்டெடுத்தது என்கிறீர்கள். அந்தப் பருவம் உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே கடந்துவிட்டது. இதில் உங்கள் வளர்ப்பின் குறை எதுவும் இல்லை.

கீறிய இரண்டு சம்பவங்களுக்கு வருகிறேன். காரணமே இல்லாமல் என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே காரணத்தையும் எழுதியிருக்கிறீர்கள்: முதல் முறை கட்டிலுக்கு அடியில் இருந்ததை மகன் பின்னங்காலைப் பிடித்து இழுத்தான், இரண்டாம் முறை சோபாவில் தூங்கியதன் மேல் அப்படியே கவிழ்ந்து படுத்தான். இரண்டிலும் பூனைக்குப் போக வழியில்லை. வழியில்லாத பூனை நகத்தைத்தான் நீட்டும். அதற்கு முன்னால் அது பலமுறை சொல்லியிருக்கும். வால் நுனி பட் பட் என்று தரையில் அடிக்கும், காது பக்கவாட்டில் மடியும், முதுகுத் தோல் அலை போலச் சிலிர்த்து ஓடும், கண்மணி கறுப்பாக விரியும், கடைசியில் சீறும். பெரியவர்கள் சற்றுக் கவனித்தால் ஒரு வாரத்தில் இதைப் படிக்கக் கற்றுக்கொள்ளலாம். இரண்டரை வயதுக் குழந்தைக்கு இது சுத்தமாகப் பிடிபடாது. சீறியதற்காகப் பூனையை அடிக்காதீர்கள். சீறினால் அடி விழும் என்று தெரிந்துகொண்ட பூனை, அடுத்த முறை சீறாமலே கீறும்.

இதை நான் பாடப்புத்தகத்திலிருந்து சொல்லவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில், குழந்தையிடம் சீறும் பூனையின் முகத்தில் தண்ணீர் பீய்ச்சச் சொல்லி ஒரு குடும்பத்துக்கு யோசனை சொன்னேன். இரண்டே வாரத்தில் அந்தப் பூனை, குழந்தை தவழ்ந்து வரும் சத்தம் கேட்டாலே மயிர் சிலிர்த்து நிற்க ஆரம்பித்தது. அதன் கணக்கில் குழந்தை வந்தால் முகத்தில் தண்ணீர் விழும், அவ்வளவுதான். அன்றிலிருந்து தண்டனை என்ற யோசனையை யாருக்கும் நான் சொல்வதில்லை.

செய்ய வேண்டியதில் முதன்மையானது உயரம். குழந்தையின் கை எட்டாத இடத்தில் பூனைக்கு ஓர் இருப்பிடம், அதற்குப் போக எப்போதும் திறந்திருக்கும் பாதை. பணம் செலவழித்துப் பூனை மரம் வாங்க வேண்டியதில்லை. பீரோவின் மேல் பழைய ரப்பர் விரிப்பொன்றைப் போட்டு, வழுக்காமல் ஒட்டி, ஏறுவதற்கு இடையில் ஒரு மேசையோ சுவர்ப்பலகையோ இருந்தால் போதும். பரண் இருந்தால் அதைவிட நல்லது. என் மகள் தவழ்ந்த காலத்தில் எங்கள் வீட்டுப் பெட்டைப் பூனை ஏழெட்டு மாதம் குளிர்சாதனப் பெட்டியின் தலையிலேயே குடியிருந்தது. சாப்பாட்டையும் அங்கேயே வைத்தோம். மகள் அதை அண்ணாந்து பார்த்து விரலை நீட்டுவாள், அது வாலை மட்டும் தொங்கவிட்டுக் கொஞ்ச நேரம் ஆட்டிவிட்டுச் சுருட்டிக்கொள்ளும். உங்கள் வீட்டிலும் சாப்பாட்டுத் தட்டும் தண்ணீரும் உயரத்துக்குப் போகட்டும். தட்டில் வாய் வைத்திருக்கும் பூனையின் பின்னால் குழந்தை வந்து நிற்பது பல கீறல்களுக்குக் காரணம்.

மகனைப் பொறுத்தவரை, பூனையைத் துன்புறுத்தாதே என்று சொல்லிப் புரியவைக்கும் வயது இன்னும் வரவில்லை. நான்கு வயதுக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக வரும். அதுவரை ஒரே விதிதான்: கையெட்டும் தூரத்தில் விழித்திருக்கும் பெரியவர் ஒருவர் இல்லாமல் அவனும் பூனையும் ஓரிடத்தில் இருக்கக் கூடாது. சமையலறையில் இருந்துகொண்டு கூடத்தைப் பார்ப்பதைக் கண்காணிப்பு என்று கணக்கில் எடுக்காதீர்கள். உங்களால் முடியாத நேரத்தில் பூனையைச் சின்னப் படுக்கையறையில் தண்ணீர், மணல் தட்டு, ஜன்னலோரம் எல்லாம் வைத்து விட்டுவிடுங்கள். தண்டனையாக அடைப்பதாக இல்லாமல், உள்ளே ஒரு துண்டு மீனைக் காட்டி அழைத்து விடுங்கள். மகன் அதனோடு பழகவே கூடாது என்பதும் இல்லை. காகிதப் பந்தை உருட்டிவிடலாம், உங்கள் கைக்குள் கை வைத்துத் தட்டில் இரண்டு பருக்கை உணவு போடலாம். தூக்குவது, துரத்துவது, தூங்கும்போது தொடுவது ஆகிய மூன்றும் கிடையாது. பூனைக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நகநுனியை வெட்டிவிடுங்கள். நகத்துக்குள் இளஞ்சிவப்பாகத் தெரியும் சதையைத் தொடாமல் வெள்ளை நுனியை மட்டும் வெட்ட வேண்டும். நகத்தை அடியோடு எடுத்துவிடும் அறுவைசிகிச்சை பற்றி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதில் போவது வெறும் நகமல்ல, விரலின் கடைசி எலும்பே போய்விடும். நகம் போன பூனை பல்லைப் பயன்படுத்தும்.

சின்னவள் விஷயம் வேறு. பூனை குழந்தையின் மூச்சை உறிஞ்சிவிடும் என்பது கட்டுக்கதை. ஆனால் அதற்குப் பின்னால் ஓர் உண்மையான ஆபத்து இருக்கிறது. பூனைக்கு வெதுவெதுப்பான இடம் பிடிக்கும். தூங்கும் குழந்தையைப் போல வெதுவெதுப்பான இடம் வீட்டில் வேறில்லை. நான்கைந்து கிலோ எடையுள்ள பிராணி முகத்தருகே வந்து படுத்தால், தானாக விலகவோ தள்ளவோ தெரியாத குழந்தைக்கு மூச்சு முட்டும். சேலையில் கட்டிய தூளியில் இந்த அபாயம் இன்னும் கூடுதல், ஏனென்றால் இரண்டு பேரும் நடுப்பள்ளத்துக்குச் சரிந்து வந்து சேர்வார்கள். குடை போலக் கவிழ்க்கும் கொசுவலையை நம்ப வேண்டாம். பூனை அதன் மேல் ஏறிப் படுத்தால் கம்பி வளைந்து வலை குழந்தையின் முகத்தில் வந்து படியும். குழந்தை தூங்கும் அறையின் கதவைச் சாத்தி வைப்பதுதான் வழி. சாத்துவதற்கு முன் கட்டிலுக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள். உள்ளே மாட்டிக்கொண்ட பூனையைவிடப் பதற்றமான பூனை கிடையாது.

மணல் தட்டை இன்றைக்கே பழைய மூலைக்குக் கொண்டுவாருங்கள். முடிந்தால் சின்னப் படுக்கையறையில் இரண்டாவது தட்டு ஒன்றும் வையுங்கள். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூடுதலாக இருக்க வேண்டும் என்பது நாங்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. தட்டு பூனையின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும்; கடையில் விற்பவை பெரும்பாலும் சிறியவை, அகலமான பிளாஸ்டிக் டப் அதைவிட மேல். மூடி போட்டது வேண்டாம். நைசான, ஈரம் பட்டால் கட்டியாகும் மணலைப் பெரும்பாலான பூனைகள் விரும்புகின்றன. சலித்த ஆற்று மணலும் போதும், தினமும் மாற்றினால். மலத்தை நாள்தோறும் அள்ளிவிடுவதில் இன்னொரு பயனும் உண்டு. பூனை மலத்தில் வரும், கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியைப் பற்றி உங்களை யாராவது பயமுறுத்தியிருப்பார்கள். அந்தக் கிருமியைப் பூனை வழக்கமாகத் தன் வாழ்நாளில் ஒருமுறை, முதலில் தொற்றிய பிறகு ஒன்று முதல் மூன்று வாரம் வரைதான் வெளியேற்றும். வெளியேறிய கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். ஆகவே தினமும் அள்ளி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் பெரும்பகுதி ஆபத்து நீங்கிவிடும். வேகாத இறைச்சியும் கழுவாத கீரையும் மனிதர்களுக்கு இதைக் கொண்டுவரும் முக்கிய வழிகள். இன்னொரு முறை கர்ப்பமானால் மட்டும் மணல் வேலையை முழுவதுமாகக் கணவரிடம் விட்டுவிடுங்கள்.

சிறுநீர் பட்ட இடத்தைப் பினாயில் போட்டுத் துடைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். ஃபீனால் வகைப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் நொதி பூனையின் ஈரலில் மிகக் குறைவு; நனைந்த தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே அதற்குக் கெடுதல். அதே நொதிக் குறைவால்தான் பாரசிட்டமாலும் பூனைக்குக் கொடிய நஞ்சாகிறது. சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் அந்த சிரப் பாட்டில் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். பெரியவர்கள் போடும் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று போதும், ஒரு பூனை இறக்க. பூனைக்குக் காய்ச்சல் என்று இரக்கப்பட்டு சிரப் ஊட்டிவிட்டு, ஈறு நீலம் பாரித்த நிலையில் கொண்டுவந்தவர்கள் என்னிடமே உண்டு. மெத்தைக்கு, நொதி கலந்த சலவைத்தூளை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊறவைத்துத் துடைத்து, காய்ந்த பிறகு சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் ஒருமுறை துடைத்தால் வாடை பெரும்பாலும் போய்விடும். நமக்கு வாடை போனதாகத் தோன்றினாலும் பூனைக்குத் தெரியும். அதனால் கொஞ்ச நாளைக்கு மெத்தை மேல் ரெக்ஸின் விரிப்பு இருக்கட்டும். துவைக்க வேண்டிய குழந்தைத் துணி தரையில் கிடக்காமல் மூடி போட்ட கூடைக்குள் போகட்டும்.

விடியற்காலைக் கத்தலில் ஒரு பகுதி கழிப்பிடத்துக்காக என்றால், மற்றொரு பகுதி அதன் இயல்பு. பூனை அந்தியிலும் விடியலிலும் சுறுசுறுப்பாகும் பிராணி. இரவு பத்து மணிக்கு உங்கள் கணவர் ஒரு கயிற்று நுனியில் துணி கட்டிப் பத்து நிமிடம் அதை ஓடவிட்டு, ஓடிக் களைத்த உடனே வயிறு நிறையச் சாப்பாடு போடட்டும். வேட்டை, உணவு, நக்கிச் சுத்தம் செய்தல், தூக்கம் என்பது அதன் உடம்பில் உள்ள வரிசை. கைக்குழந்தையும் இரண்டரை வயதும் இருக்கும் வீட்டில் இன்னொரு வேலையைச் சொல்கிறாரே என்று உங்களுக்குத் தோன்றும்; அதனால்தான் கணவர் என்று எழுதினேன்.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை நான் தயங்காமல் சொல்வேன். இனிச் சொல்பவை அப்படியல்ல. பூனையை அமைதிப்படுத்தும் வாசனைப் பொருளைப் பரப்புவதாகச் சொல்லி விற்கும், சுவரில் செருகும் ஃபெரமோன் கருவிகள் சில வீடுகளில் உதவியிருக்கின்றன. ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணாகவே இருக்கின்றன, விலையும் அதிகம். மற்ற மாற்றங்களைச் செய்யாமல் அதை மட்டும் வாங்கிச் செருகுவது வீண். ஃபுளுவாக்ஸெடின் போன்ற, மனப் பதற்றத்தைக் குறைக்கும் மருந்துகளுக்கு நல்ல ஆதாரம் இருப்பது சுவரில் பீய்ச்சும் பூனைகளிடம். உங்கள் பூனையின் சிக்கல் வேறு மாதிரித் தெரிவதால் முதல் படியாக நான் அதை எழுத மாட்டேன். ஒவ்வாமை பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒவ்வாமையைத் தருவது பூனை முடி அல்ல, அதன் எச்சிலிலும் தோல் சுரப்பிலும் உள்ள ஒரு புரதம். முடி அதைச் சுமந்து பரப்புகிறது. பூனையோடு வளரும் குழந்தைக்குப் பிற்காலத்தில் ஒவ்வாமை குறையுமா கூடுமா என்பதில் ஆய்வுகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன. குழந்தைக்கு இழுப்போ கரப்பானோ இருந்தால் பொதுக் கருத்துகளை விட்டுவிட்டு மருத்துவரைக் கேளுங்கள்.

இனி நீங்கள் கேட்கத் தயங்கிய கேள்வி. மேலே சொன்ன மாற்றங்களைச் செய்து ஆறு முதல் எட்டு வாரம் பாருங்கள். மணல் தட்டு இடம் மாறிய ஓரிரு வாரத்திலேயே துணியில் சிறுநீர் விடுவது குறையத் தொடங்க வேண்டும். குறைந்தால் மற்றதும் பெரும்பாலும் படியும். மகன் வளர வளர வீடு இன்னும் அமைதியாகும். ஆனால் சீண்டாமலே தேடி வந்து கடிக்கிறது, முகத்தைக் குறிவைக்கிறது, அல்லது எவ்வளவு முயன்றாலும் இரண்டு குழந்தைகளோடு அந்தக் கண்காணிப்பு உங்களால் முடியவில்லை என்றால், வேறு வீடு தேடுவதே சரி. இதை எழுத எனக்குத் தயக்கம் இல்லை. நாள் முழுவதும் கட்டிலுக்கு அடியில் ஒளிந்து வாழும் பூனைக்கும் அது நல்ல வாழ்க்கை அல்ல. குழந்தைகள் இல்லாத, பூனை வளர்த்துப் பழகிய வீடாகப் பாருங்கள். கீறியதையும் சிறுநீர் விட்டதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதன் மணல் தட்டையும் படுக்கைத் துணியையும் துவைக்காமல் கூடவே கொடுத்தனுப்புங்கள்.

சாக்கும் மார்க்கெட்டும் மட்டும் வேண்டாம். ஆறு வருடம் தட்டில் சாப்பிட்ட பூனைக்கு அங்கே ஏற்கெனவே இடம்பிடித்து வைத்திருக்கும் கடுவன்களோடும் நாய்களோடும் போராடத் தெரியாது. பல பூனைகள் சாப்பிடாமலே ஒடுங்கிப் போகும். பட்டினியில் வாட நேரும் வகையில் பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. மாமியாரிடம் சட்டம் பேச வேண்டாம். பேரனைப் பற்றிய கவலையில்தான் அவர் அப்படிச் சொல்கிறார், அந்தக் கவலை நியாயமானதும்கூட. பீரோவின் மேல் விரிப்பைப் போட்டு, குழந்தை அறைக் கதவைச் சாத்தும் பொறுப்பை அவரிடமே கொடுத்துப் பாருங்கள்.

பூனையை மருத்துவரிடம் கொண்டுபோவதற்கு முன் மூன்று நாள், எத்தனை முறை சிறுநீர் போகிறது, எங்கே, எவ்வளவு என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். குந்தி உட்காரும்போது கைபேசியில் அரை நிமிடம் படமெடுத்துக்கொள்ளுங்கள், அது எங்களுக்கு ஆயிரம் கேள்விகளை மிச்சப்படுத்தும். ஒரு சொட்டும் வராமல் முக்கினால் மட்டும் மூன்று நாள் காத்திருக்கக் கூடாது. தூக்கிப் போகும் கூடையை முந்தின நாளே கூடத்தில் திறந்து வைத்து, உள்ளே உங்கள் பழைய துண்டு ஒன்றை விரித்துவிடுங்கள். பல பூனைகள் இரவில் தாமாகவே உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். காலையில் கதவை மூடினால் போதும்.